தேய்ந்தது குச்சி, அடி வாங்கியது பையன்!

"சத்தியமாக நான் தொடவில்லை அப்பா! அதுவாகத்தான் போகிறது!"

மும்பை லாமிங்டன் சாலையில், கிராண்ட் ரோடு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சிறிய ரிப்பேர் கடை. அங்கே ஒரு சனிக்கிழமை மாலை கேட்ட குரல் இது. பையனுக்கு 15 வயது இருக்கும். அழுது கண் சிவந்திருந்தது. பக்கத்தில் நின்ற தந்தை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை நடத்துபவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கடன் வாங்கி மகனுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது அதன் கண்ட்ரோலரில் ஒரு விசித்திரமான கோளாறு. கையில் பிடித்து ஆடும் கருவிதான் கண்ட்ரோலர். அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும், டெலிவிஷன் திரையில் கால்பந்து வீரன் இடது பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறான். கோல் அடிக்க வேண்டியவன் மைதானத்தை விட்டே போய்விடுவான் போலிருக்கிறது!

"ஆட்டத்தில் தோற்றால் கோபத்தில் எறிந்திருப்பான். குச்சியை முறுக்கி முறுக்கிக் கெடுத்துவிட்டான்" என்பது தந்தையின் முடிவு. வீட்டில் ஓர் அறையும் விழுந்தாயிற்று. புதிய கண்ட்ரோலர் வாங்க ஏறக்குறைய 6,000 ரூபாய் ஆகும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

கடைக்காரரும் தமிழர்தான். பதில் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை எடுத்தார். நான்கைந்து திருகுகளைக் கழற்றினார். உள்ளிருந்த ஒரு சிறு பாகத்தைப் பிரித்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். "அண்ணாச்சி, நீங்களே பாருங்க" என்றார்.

தந்தை குனிந்து பார்த்தார். அவர் பார்த்தது என்ன?

உள்ளே இருப்பது ரேடியோ திருகு!

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். வால்யூம் கண்ட்ரோல் என்போம். நாளடைவில் அதைத் திருப்பினால் 'கரகர' என்று ஓசை வரும். சில சமயம் சத்தம் தானாகவே ஏறும், இறங்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அனைவருக்கும் இது பழகிய தொல்லை.

கண்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியின் அடியில் இருப்பதும் அதே சரக்குதான். பொட்டென்ஷியோமீட்டர் என்பது அதன் பெயர். ஒரு குச்சிக்கு இரண்டு உண்டு. ஒன்று இடம், வலம் பார்க்கிறது. மற்றொன்று மேல், கீழ் பார்க்கிறது. குச்சியை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர ஸ்பிரிங் இருக்கிறது. குச்சியை அழுத்தினால் வேலை செய்ய ஒரு சிறு சுவிட்சும் உண்டு.

ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டரிலும் கரி பூசிய ஒரு வளைந்த பாதை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று உராய்ந்துகொண்டு நகர்கிறது. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து அதில் வரும் மின் அழுத்தம் மாறும். அதை உள்ளிருக்கும் சில்லு ஓர் எண்ணாக மாற்றிக் கேம் பெட்டிக்குச் சொல்கிறது. பல கண்ட்ரோலர்களில் ஒரு கோடி 0, மறு கோடி 255. குச்சி நடுவில் நின்றால் ஏறக்குறைய 128.

நாக்கு உராய உராயக் கரிப் பூச்சு தேய்கிறது. தேய்ந்த கரி தூளாகிப் பாதையிலேயே கிடக்கிறது. நாக்கு அதன்மேல் ஏறும்போது எண் துள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, குச்சியைத் தாங்கும் பிளாஸ்டிக் தேய்ந்தாலோ, குச்சி சரியாக நடுவுக்குத் திரும்புவதில்லை. குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது நடுவைக் கடந்துதான் போக வேண்டும், வர வேண்டும். ஆகவே மிக அதிகமாக உழைப்பது நடுப்பகுதிதான்.

128 என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது 110 என்று சொன்னால் போதும். 'யாரோ குச்சியை இடது பக்கம் தள்ளுகிறார்கள்' என்று கேம் பெட்டி நினைத்துக்கொள்கிறது. வீரன் நடக்கத் தொடங்குகிறான். இதற்கு ஆங்கிலத்தில் 'டிரிப்ட்' என்று பெயர். பையன் சொன்னது பொய்யல்ல. அது தானாகத்தான் போகிறது!

20 லட்சம் தடவை

இந்தப் பாகத்தைச் செய்வதில் பேர் போனது ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம். கண்ட்ரோலர்களில் பயன்படும் இத்தகைய பாகத்துக்கு அது குறிப்பிடும் ஆயுள் 20 லட்சம் அசைவுகள்.

20 லட்சம் என்றால் எவ்வளவு பெரிய எண் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் குச்சி ஓயாது அசையும். நிமிடத்துக்கு 80 அசைவு என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்தை 80ஆல் வகுத்தால் 25,000 நிமிடம். அதாவது ஏறக்குறைய 417 மணி நேரம். தினம் 2 மணி நேரம் ஆடினால் ஏழு மாதத்தில் கணக்கு முடிந்துவிடும்! அமெரிக்காவின் ஐபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் ஒரு பிரபல கண்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்து இதே 417 மணிக் கணக்கைத்தான் வெளியிட்டது.

இதை வைத்துக்கொண்டு, '417 மணி ஆனதும் கருவி செத்துவிடும்' என்று சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் தவறு. அதுவரை அளவு பிசகாது என்பதற்கான எல்லைதான் அது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நன்றாக உழைக்கும் குச்சிகள் உண்டு. அதற்கு முன்பே கெடுபவையும் உண்டு.

கட்டுக்கதைகள்

இந்தக் கோளாறைப் பற்றி ஊரில் உலவும் கதைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'முரட்டுத்தனமாக ஆடுவதால்தான் கெடுகிறது' என்பது முதல் கதை. ஓங்கி அழுத்துவதும் தரையில் போடுவதும் கேடுதான், சந்தேகமில்லை. ஆனால் பூப்போல ஆடினாலும் நாக்கு கரியின்மேல் உராயத்தான் செய்யும். குழந்தைக்குக் கோபமே வராவிட்டாலும் குச்சி தேயும்.

'எண்ணெய்க் கையோடு தின்பண்டம் தின்றுகொண்டே ஆடுவதால் வந்தது. ஊதினால் சரியாகும்' என்பது இரண்டாவது கதை. தூசி உள்ளே போவது உண்மை. அதனால் குச்சி தடுமாறுவதும் உண்மை. அப்படிப்பட்ட கோளாறு சுத்தம் செய்தால் தீரக்கூடும். ஆனால் உள்ளே கிடக்கும் தூள் பெரும்பாலும் அந்தப் பாகமே தேய்ந்து உதிர்ந்த தூள். கை கழுவிவிட்டு ஆடினாலும் அது வரும்.

மூன்றாவது கதை ஸ்பிரே. கதவுக் கீலுக்கும் துருப் பிடித்த திருகுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைக் குச்சியின் அடியில் அடித்தால் நோய் தீரும் என்கிறார்கள். அடித்தவுடன் சரியாவதுபோல் தெரியும். பிறகு அந்த எண்ணெய்ப் படலமே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரத் தொடுமுனைகளுக்கென்று தனியாக கான்டாக்ட் கிளீனர் விற்கிறது. அடிப்பதென்றால் அதைத்தான் அடிக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் சரக்கு. கருவியை அணைத்து, நன்றாக உலர்ந்த பிறகே இயக்க வேண்டும். அதுவும் அழுக்கைத்தான் நீக்கும். போன கரியைத் திருப்பிக் கொண்டுவர எந்த ஸ்பிரேயாலும் ஆகாது.

'செட்டிங்கில் மாற்றினால் போதும்' என்பது நான்காவது கதை. 'டெட் ஸோன்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நடக்கும் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று ஆட்டத்துக்குச் சொல்வது. வட்டத்தைப் பெரிதாக்கினால் கோளாறு கண்ணில் படாது. ஆனால் குச்சியை நுட்பமாக அசைத்தாலும் வேலை செய்யாது. ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைக்கும் கதைதான் இது. சில நாள் ஓட்டலாம்.

ஐந்தாவதாக, குச்சியின் மேலுள்ள ரப்பர் மூடி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் 'டிரிப்ட் வந்துவிட்டது' என்று பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூடி விரல் வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமே. அதன்மேல் மாட்டும் ரப்பர் தொப்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன.

'டூப்ளிகேட் சரக்குதான் கெடும். கம்பெனி சரக்கு கெடாது' என்பது ஆறாவது கதை. இதற்குப் பதிலாக ஒரு பெரிய வழக்கையே சொல்லலாம்.

நீதிமன்றம் ஏறிய குச்சி

ஜப்பானின் நின்டெண்டோ உலகப் புகழ் பெற்ற விளையாட்டுக் கருவி நிறுவனம். அது 2017 மார்ச் மாதம் 'ஸ்விட்ச்' என்ற கருவியை வெளியிட்டது. அதன் இரு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய 'ஜாய்-கான்' கண்ட்ரோலர்கள். கருவி மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குச்சியின் அமைப்பையும் தட்டையாக்கினார்கள். அமைப்பு வேறானாலும் தத்துவம் ஒன்றே. அங்கும் ஒரு நாக்கு கரியின்மேல் உராய்கிறது.

விரைவிலேயே புகார்கள் குவிந்தன. 2019 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாங்கியவர்கள் சார்பில் வழக்கே தொடுக்கப்பட்டது. 2020 ஜூனில் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ புருகாவா, வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2021 அக்டோபரில் அந்நிறுவனப் பொறியாளர்கள் விளக்கம் அளித்தபோது கார் டயரை உவமை சொன்னார்கள். சாலையில் உராயும் டயர் தேய்வதுபோல இதுவும் தேயத்தான் செய்யும் என்றார்கள்.

பிரிட்டனில் 'விச்' என்ற நுகர்வோர் அமைப்பு, கெட்டுப்போன ஜாய்-கான்களைச் சோதனைச்சாலையில் பிரித்துப் பார்த்து 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. உராயும் இடத்தில் தேய்மானம் கண்ணுக்கே தெரிந்தது. தூசி புகாமல் தடுக்கும் உறை இருந்தும் உள்ளே தூசி காணப்பட்டது. குற்றம் ஆடியவர்கள் மேல் இல்லை, அமைப்பில்தான் என்பது தெளிவாயிற்று.

2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், தேய்மானமே காரணமாக இருந்தாலும், ஐரோப்பாவில் இந்தக் கோளாறை இலவசமாகப் பழுதுபார்த்துத் தர நின்டெண்டோ ஒப்புக்கொண்டது. கம்பெனி சரக்கு கெடாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது புது நோயும் அல்ல. இதே நிறுவனம் 1996இல் வெளியிட்ட நின்டெண்டோ 64 கருவியில் குச்சியின் அடிப்பாகம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உராய்ந்து வெள்ளைத் தூளாக உதிரும். குச்சி தொளதொள என்று ஆடும். அக்கருவியில் ஆடிய ஓர் ஆட்டத்தில் குச்சியை வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துச் சுழற்றிக் கொப்புளம் வாங்கிக்கொண்டார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டதன் பேரில், 2000ஆம் ஆண்டில் இலவசக் கையுறை தர நிறுவனம் சம்மதித்தது. தேய்ந்தது குச்சி மட்டுமல்ல, பிள்ளைகளின் கையும்தான்!

காந்தம் கைகொடுக்குமா?

உராயாமலே குச்சியின் இடத்தை அறிய வழி இல்லையா? உண்டு. 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், மின்சாரம் ஓடும் தகட்டின் அருகே காந்தத்தை வைத்தால் தகட்டின் குறுக்கே ஒரு மின் அழுத்தம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார். 'ஹால் விளைவு' என்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. குச்சியின் அடியில் சிறு காந்தம். சற்றுத் தள்ளி ஓர் உணர்கருவி. ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. தொடாவிட்டால் தேய்வு எங்கிருந்து வரும்?

ஜப்பானின் சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கருவியிலேயே இந்தக் காந்த முறை இருந்தது. அப்படியிருந்தும் பிற்காலத்தில் பெரிய நிறுவனங்கள் கரிப் பாதையையே பிடித்துக்கொண்டன. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவியில்கூட ஹால் முறை இல்லை என்று நின்டெண்டோ தரப்பே தெரிவித்துவிட்டது. இப்போது ஹால் முறையிலும், 'டி.எம்.ஆர்.' என்ற மற்றொரு காந்த முறையிலும் வேறு சில நிறுவனங்கள் கண்ட்ரோலர்களையும் தனிக் குச்சிகளையும் விற்கின்றன.

இங்கேதான் ஏழாவது கதை பிறக்கிறது. 'காந்தக் குச்சி போட்டால் ஆயுளுக்கும் கெடாது' என்கிறார்கள். கரி தேயும் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். பிளாஸ்டிக் அதே பிளாஸ்டிக்தான். அவை தளரும். குச்சியை மாற்றிய பிறகு நடு எது என்று கருவிக்குச் சரியாகக் காட்டிக் கொடுக்காவிட்டால், புதுக் காந்தக் குச்சியும் முதல் நாளே 'தானாக' நடக்கும்!

தேய்வது குற்றமா?

மின்சார ரயிலின் கூரைமேல் உயர்ந்து நின்று கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் சட்டத்தைத் தினமும் பார்க்கிறோம். பாண்டோகிராப் என்று பெயர். அதன் உச்சியில், கம்பியில் உராயும் இடத்தில் கரிப் பட்டை வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? மேலே உள்ள தாமிரக் கம்பி தேயக்கூடாது. தேய்வதானால் பட்டை தேயட்டும் என்றுதான். பட்டையை அவ்வப்போது அளந்து பார்த்து, தேய்ந்ததும் கார்ஷெட்டில் கழற்றி மாற்றிவிடுவார்கள். பிரேக் கட்டையும் அப்படியே. கரிப் பட்டை தேய்ந்தது என்பதற்காக மோட்டார்மேனை யாரும் குற்றம் சொல்வதில்லை.

இரண்டு பொருள் உராய்ந்தால் ஒன்று தேயும். அது குற்றமில்லை. தேயும் பாகத்தை எளிதில் மாற்ற முடியாதபடி செய்து வைப்பதுதான் குறை. பெரும்பாலான கண்ட்ரோலர்களில் குச்சிப் பாகம் பலகையோடு 14 இடங்களில் ஈயம் வைத்துப் பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து வேறு வைக்கக் கைத்தேர்ச்சி வேண்டும். குச்சியைக் கழற்றி மாட்டும்படி செய்ய முடியாதா என்றால், முடியும். சோனி நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் என்ற கண்ட்ரோலரில் குச்சிப் பாகத்தை மட்டும் தனியாக வாங்கி, நாமே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கண்ட்ரோலரின் விலை சாதாரணக் கண்ட்ரோலரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு!

பெற்றோர் செய்ய வேண்டியது

கோளாறு என்று தெரிந்தவுடன் கண்ட்ரோலரை மேஜைமேல் வைத்து, யாரும் தொடாமல் திரையைப் பாருங்கள். உருவம் தானாக நகர்ந்தால் பையன் சொல்வது உண்மை. பிறகு 'டெட் ஸோன்' அளவைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாம்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் கெட்டால், வெளிக் கடையில் பிரிக்காமல் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பிரித்துவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். மும்பையில் இருக்கும் தமிழரும், சூரத்தில் இருக்கும் தமிழரும் அழைக்க வேண்டிய எண் ஒன்றுதான்.

உத்தரவாதம் முடிந்திருந்தால், பற்ற வைப்பதில் கை தேர்ந்தவரிடம் குச்சிப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முழுக் கண்ட்ரோலரையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாற்றிய பிறகு கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். குச்சி நடுவில் நிற்கிறதா, நான்கு பக்கமும் கோடி வரை போகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

அண்ணாச்சி சொன்னது

லாமிங்டன் சாலைக் கடைக்கு வருவோம். பூதக்கண்ணாடியின் கீழே கரிப் பாதையின் நடுவில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. இரு ஓரமும் கறுப்பாக, புதிது போல் இருந்தன.

"இது எறிஞ்சதால வந்ததில்ல அண்ணாச்சி. எறிஞ்சா உடையும். இது தேஞ்சிருக்கு" என்றார் கடைக்காரர். "உங்க பட்டறையில தையல் மிஷின் ஊசி மழுங்கிப் போவுதே, தையல்காரனையா அடிக்கிறீங்க?"

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஊசியை மாத்துவேன்" என்றார்.

"அப்ப இதையும் மாத்துவோம்."

சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. கடைச் சுவரில் இருந்த சிறு டெலிவிஷனில் மாட்டிப் பார்த்தார்கள். கால்பந்து வீரன் நிறுத்திய இடத்தில் அசையாமல் நின்றான். பையன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

தந்தை பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கண்ட்ரோலரை மகனிடமே கொடுத்தார். "பைக்குள்ள வச்சுக்கோ" என்றவர், கடைப் படி இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாலே?"

பையன் இல்லை என்று தலையாட்டினான். இருவரும் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.